சோலார் பேனல் மட்டும் போதாது, கம்பியும் சேமிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். சூரியன் மறைந்த பிறகு சூரிய மின்சாரம் எங்கிருந்து வரும், காற்று நின்றுவிட்டால் காற்றாலை என்ன செய்யும், ஆகவே நிலக்கரியை விடவே முடியாது என்பது அவர் வாதம். மறுநாளே இன்னொருவர் அவரைப் பழமைவாதி என்று திட்டி எழுதினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. திட்டினால் அதற்குப் பதில் கிடைத்துவிடாது.

என் வேலைக்காலம் முழுவதும் நிலக்கரி அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் கழிந்தது. ஷிப்ட் பொறியாளராக ஓய்வு பெற்றேன். இரவு முழுக்க லோடையும் (இயந்திரம் தரும் மின்சாரத்தின் அளவு) ஃப்ரீக்வென்சியையும் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் என்பதால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலக்கரியை ஏன் விட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 500 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு லோடில் ஓடினால் மணிக்கு ஐந்து லட்சம் யூனிட் மின்சாரம், கூடவே சுமார் 500 டன் வாயு. ஒரு நாளைக்கு 12,000 டன். கரியில் உள்ள ஒவ்வொரு கிலோ கார்பனும் காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 3.67 கிலோ வாயுவாகிறது. எரித்ததைவிட வெளியே போவதன் எடை அதிகம் என்று சொன்னால் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.

இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல். புகைபோக்கிக்கு முன்னால் சாம்பலைப் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு, நாங்கள் ஈ.எஸ்.பி. என்போம். அது ஒழுங்காக வேலை செய்தால் 99 சதவீதத்துக்கும் மேல் சாம்பலைப் பிடித்துவிடும். பார்க்க வருகிறவர்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, புகையே இல்லையே என்று திருப்தியோடு போவார்கள். குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்பும் நீராவியைத்தான் மாசு என்று படம் எடுப்பார்கள். நிறமும் மணமும் இல்லாத கரியமில வாயு பக்கத்தில் டன் டன்னாக மேலே போய்க்கொண்டிருக்கும்.

போனது போனதுதான். அதில் ஒரு பகுதியைக் கடலும் காடும் எடுத்துக்கொள்ளும். மீதியில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னால் சுமார் 280. பாரிஸ் ஒப்பந்தம் 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்றது. 2024-ஆம் ஆண்டின் சராசரி மட்டும் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஒரே ஓர் ஆண்டை வைத்து ஒப்பந்த எல்லை உடைந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்கள், நீண்டகாலச் சராசரிதான் கணக்கு. ஆனாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்பதில் சந்தேகம் இல்லை. வாயு சேர்ந்துகொண்டே போகும் பொருள் என்பதால், பத்து ஆண்டு கழித்துக் குறைக்கும் ஒரு டன்னைவிட இந்த ஆண்டு குறைக்கும் ஒரு டன் நமக்கு அதிக நன்மை செய்யும்.

சரி, மாற்று உண்டா? 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தைக் காட்டியபோது விழும் ஒளியில் ஆறு சதவீதத்தைத்தான் அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் பேனல் 20 சதவீதத்துக்கு மேல் தருகிறது. விலை விழுந்த வேகம் அதைவிடப் பெரிது. உலகில் இதுவரை செய்த பேனல்களின் மொத்த அளவு ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. நிறுவப்பட்ட மொத்தத் திறன் 2022-இல் ஒரு டெராவாட்டை, அதாவது பத்து லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. அந்த முதல் டெராவாட்டுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டாவதுக்கு இரண்டே ஆண்டுகள். காற்றாலையும் அப்படித்தான். 1991-இல் டென்மார்க் விண்டபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை அமைத்தபோது அதன் 11 இயந்திரங்களும் சேர்ந்து 5 மெகாவாட். இன்று கடலில் நிறுத்தும் ஒற்றை இயந்திரமே 15 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு கணக்கு அடிக்கடி தப்பாகச் சொல்லப்படுகிறது. உலகம் இவ்வளவு கரி, இவ்வளவு எண்ணெய், இவ்வளவு எரிவாயு எரிக்கிறது, அத்தனைக்கும் ஈடாகச் சூரியனும் காற்றும் தர வேண்டும், அது நடக்காத காரியம் என்பார்கள். பாய்லர் பக்கம் நின்றவனுக்குத் தெரியும், எரித்த வெப்பத்தில் நூறு பங்கில் முப்பத்தைந்து, நாற்பதுதான் மின்சாரமாகிறது. நல்ல புதிய நிலையம் என்றால் நாற்பத்தைந்து. பெரும்பாதி, டர்பைனை விட்டு வரும் நீராவியை மறுபடி நீராக்கும் கண்டென்சர் வழியாகக் குளிர்விக்கும் நீருக்குப் போய்க் காற்றில் கலக்கிறது. அதை யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது, வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரத்துக்கும் இயற்கை விதித்த எல்லை அது. பெட்ரோல் வண்டி இன்னும் மோசம், எரிபொருளின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனால் அதிகம். மின்சார வண்டியில் முக்கால் பங்குக்கு மேல் போகிறது. வெப்பப் பம்பு எனும் கருவி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தள்ளுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சாதாரணமாக ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. ஆகவே எரித்ததை எல்லாம் ஈடுகட்ட வேண்டியதில்லை. பயன்பட்டதை ஈடுகட்டினால் போதும். அது முன்னதைவிட எவ்வளவோ சின்ன வேலை.

இப்போது இரவுக் கேள்விக்கு வருகிறேன்.

மின் நிலையங்களையும் ஊர்களையும் கம்பிகளால் இணைக்கும் மின்வலையைக் கிரிட் என்போம். கிரிட்டில் எந்த நொடியிலும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். செலவு கூடினால் ஃப்ரீக்வென்சி இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். 50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் எங்கள் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்றுவிட்டால், இணைந்திருக்கும் எல்லா டர்பைன்களும் தங்கள் சுழற்சியில் இருக்கும் ஆற்றலைக் கொஞ்சம் கொடுத்து, விழுவதை மெதுவாக்கும். குயவர் கையை எடுத்த பிறகும் சக்கரம் சுற்றுகிறதே, அந்தச் சுற்றுதான் இது. பல நூறு டன் இரும்பு சுற்றும்போது அதில் இருக்கும் வலு சாதாரணம் இல்லை. சோலார் பேனலில் சுற்றுவது எதுவும் கிடையாது. காற்றாலையில் இறக்கை சுற்றினாலும் பெரும்பாலான நவீன இயந்திரங்கள் மின்னணுக் கருவி வழியாகவே கிரிட்டோடு சேர்கின்றன, நேரடியாக இல்லை. எனவே நிலக்கரி நிலையங்களை ஒவ்வொன்றாக மூடும்போது இந்த வலுவும் சேர்ந்து போகிறது. வாசகர் எழுதிய இரவுப் பிரச்சினையைவிட இது எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் இதைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் குறைவு.

தெற்கு ஆஸ்திரேலியா இதை நேரடியாக அனுபவித்த இடம். 2016 மே மாதம் அந்த மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி கடும் புயல் உயரழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தது. மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சில தடவை விழுந்தது. அப்படி விழுவதை எத்தனை முறை தாங்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று காற்றாலைகளின் மென்பொருளில் ஓர் எண் வைத்திருந்தார்கள். எண் தாண்டியதும் பல காற்றாலைகள் சில நொடிகளில் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் லைன் சுமை தாங்காமல் தானாகவே துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் இருட்டு. காற்றாலை கூடாது என்பதற்கு ஆதாரமாக இன்றும் இதைக் காட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. முதலில் அந்த எண்ணை மாற்றினார்கள். மறு ஆண்டே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி நிலையத்தை, ஒப்பந்தம் உறுதியான நூறு நாட்களுக்குள் கட்டி முடித்தார்கள். அது வேலை தொடங்கிய இரண்டே வாரத்தில், 2017 டிசம்பர் 14-ஆம் தேதி பின்னிரவில், பல நூறு கிலோமீட்டர் தள்ளி விக்டோரியா மாநிலத்தில் 560 மெகாவாட் நிலக்கரி இயந்திரம் ஒன்று திடீரென நின்றது. ஃப்ரீக்வென்சி விழத் தொடங்கியது. நொடிக்கும் குறைவான நேரத்தில் பேட்டரி மின்சாரத்தை உள்ளே தள்ளியது. தள்ளிய அளவு ஏழு மெகாவாட் சொச்சம்தான், அதிகம் இல்லை. ஆனால் அந்த வேகம்! ஃப்ரீக்வென்சி விழும்போது டர்பைனுக்கு நீராவியை அளந்து விடும் கவர்னர் வால்வு திறந்து, நீராவி பாய்ந்து, லோடு ஏறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2021-இல் அதே மாநிலத்தில் சிங்க்ரனஸ் கண்டென்சர் என்ற இயந்திரங்கள் நான்கை நிறுத்தினார்கள். இது எரிபொருள் இல்லாத ஜெனரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கனமான சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். நிலக்கரி டர்பைன் கொடுத்த சுழற்சி வலுவையும் மின்னழுத்தப் பிடிப்பையும் இது கரி இல்லாமல் கொடுக்கும். இன்று அந்த மாநிலத்தின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதம் காற்றும் சூரியனும். மீதிக்கு எரிவாயு இருக்கிறது, பக்கத்து மாநில லைன் இருக்கிறது. முழுதும் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2016-இல் இருட்டில் நின்றவர்கள் நிலக்கரிக்குத் திரும்பாமல் கிரிட்டைச் சரிசெய்தார்கள்.

2025 ஏப்ரல் 28-ஆம் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியதையும் வாசகர் நினைவில் வைத்திருப்பார். அங்கே நடந்தது மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டது. ஏறும் மின்னழுத்தத்தை இறக்கிப் பிடிக்கும் ஏற்பாடு அன்று போதவில்லை. சூரிய மின் நிலையங்களில் பேனலின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டர்களால் அந்த வேலையைச் செய்ய முடியும். அதைச் செய் என்று விதி கேட்க வேண்டும், செய்தால் கூலி கொடுக்க வேண்டும். கருவி தயார், அன்று விதிதான் பின்தங்கியிருந்தது.

மாலை நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூரியன் இறங்கும் நேரத்தில்தான் வீடுகளில் செலவு ஏறும். அந்த நான்கைந்து மணி நேரம்தான் முதல் சோதனை. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலைப்பொழுதில், கிரிட்டுக்கு மின்சாரம் தந்த எல்லா மூலங்களையும்விட பேட்டரிகள் முன்னால் நின்றன, 6,000 மெகாவாட்டுக்கு மேல். மதியம் மிஞ்சிய சூரிய மின்சாரத்தை வைத்திருந்து மாலையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். லித்தியம் பேட்டரியின் விலை 2010-இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டதால்தான் இது முடிந்தது. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த பேட்டரி வகை இப்போது கிரிட்டுக்கு அதிகம் பயன்படுகிறது. அதற்குக் கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம்.

நான்கு மணி நேரத்தை பேட்டரி பார்த்துக்கொள்ளும். நான்கு நாள் காற்றும் வெயிலும் இல்லாமல் போனால்? இதுதான் கடினமான பகுதி, மழுப்ப விரும்பவில்லை. மலைமேல் ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம் வைத்து, மிச்ச மின்சாரத்தில் நீரை ஏற்றி, வேண்டும்போது இறக்கும் முறை பழையது, நம்பகமானது. ஏற்றப் போட்ட மின்சாரத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும். நீர்மின்சாரம், அணு மின்சாரம், பூமிக்கடி வெப்பம், தூரத்து ஊர்களின் காற்றைக் கொண்டுவரும் நீண்ட லைன்கள், எல்லாம் சேர்ந்துதான் அந்த நான்கு நாளைக் கடக்க முடியும். ஆண்டில் சில நாட்களுக்கு எரிவாயு டர்பைனை ஓட்டினால்கூட, ஆண்டு முழுக்க நிலக்கரி எரிப்பதோடு ஒப்பிட்டால் வெளியேறும் கரியமில வாயு மிகக் குறைவு.

அந்தச் சில நாட்களுக்கு நிலக்கரி நிலையத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். குளிர்ந்து கிடக்கும் பாய்லரை எண்ணெய் ஊற்றி மெதுவாகச் சூடாக்கி, டர்பைன் உருளையும் உறையும் சமமாக விரியும்படி பார்த்து, கிரிட்டில் சேர்த்து முழு லோடுக்குக் கொண்டுபோக அரை நாள் ஓடிவிடும். அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும். லோடைப் பாதிக்குக் கீழே இறக்கினால் தீ நிலைக்காது என்று எண்ணெய் விட வேண்டிய நிலையங்கள் ஏராளம். ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஓட்டினால் உலோகம் களைத்துப்போய் விரிசல் விடும். ஒரே சீராக ஓடுவதற்கென்று கட்டிய இயந்திரம் அது. திடீர்த் தேவைக்கு அதை நம்பிக்கொண்டிருப்பது அதற்கும் கேடு, கிரிட்டுக்கும் கேடு.

நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் கம்பிகள். சோலார் பண்ணை ஒன்றை ஓரிரு ஆண்டில் கட்டிவிடலாம். அதிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் உயரழுத்த லைனைத் திட்டமிட்டு, அனுமதி வாங்கி, கோபுரம் நட்டு, கம்பி இழுக்க ஐந்திலிருந்து பதினைந்து ஆண்டுவரை ஆகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2023-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. உலகம் முழுவதும் குறைந்தது 3,000 கிகாவாட் (30 லட்சம் மெகாவாட்) அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்கள் கிரிட்டில் சேர இடம் கேட்டு வரிசையில் நிற்கின்றன என்றும், 2040-க்குள் 8 கோடி கிலோமீட்டர் லைனைப் புதிதாகப் போடவோ மாற்றவோ வேண்டும் என்றும் அதே அறிக்கையில் இருந்தது. இன்று உலகில் இருக்கும் மொத்த கிரிட்டின் நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

லைன் இல்லாத இடத்தில் பண்ணை கட்டினால், நல்ல வெயிலும் நல்ல காற்றும் உள்ள நேரத்தில் உற்பத்தியைக் குறை என்று கிரிட் மையத்திலிருந்து உத்தரவு வரும். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரத்தை வீணாக்கிக்கொண்டே, இன்னொரு பக்கம் கரி எரியும். இதைவிட வேதனையான காட்சி மின்துறையில் இருந்தவனுக்கு வேறு இல்லை.

எல்லாவற்றுக்கும் புதுக் கோபுரம் வேண்டும் என்பதும் இல்லை. வழக்கமான கம்பியின் நடுவில் எஃகு இழை இருக்கும். அதற்குப் பதில் கார்பன் இழை கலந்த நடுத்தண்டு கொண்ட கம்பியைப் போட்டால், சூடானாலும் அவ்வளவாகத் தொய்யாது. இருக்கும் கோபுரத்திலேயே ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரத்தைக் கொண்டுபோகலாம். இன்னொரு வழி இன்னும் மலிவு. ஒரு லைன் எவ்வளவு தாங்கும் என்று மோசமான வெப்பத்தையும் காற்றில்லாத நேரத்தையும் மனதில் வைத்து ஓர் எண் குறித்திருப்பார்கள். காற்று வீசும்போது கம்பி குளிரும், அப்போது கூடுதலாகத் தாங்கும். காற்றாலை அதிகம் தரும் நேரமும் அதுதான். கம்பியில் உணரியைப் பொருத்தி அந்தந்த நேரத்தின் உண்மையான திறனைப் பார்த்து ஓட்டினால், கட்டுமானமே இல்லாமல் இடம் கிடைக்கும். இதெல்லாம் ஆய்வகத்தில் இருக்கும் சங்கதிகள் இல்லை, பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. திறப்பு விழா நடத்த முடியாத வேலைகள் என்பதால்தானோ என்னவோ கவனம் பெறுவதில்லை.

சப்ஸ்டேஷன் பற்றி ஒரு வார்த்தை. உயரழுத்த சுவிட்சுகளில் தீப்பொறியை அணைக்க சல்பர் ஹெக்சாஃபுளோரைடு என்ற வாயுவை அடைத்திருப்பார்கள். ஒரு கிலோ கசிந்தால் இருபதாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு விட்டதற்குச் சமம். சுத்தமான மின்சாரத்துக்காகப் புதிதாகக் கட்டும் சப்ஸ்டேஷன்களில் அந்த வாயு இல்லாத சுவிட்சுகளைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்கின்றன.

மின்சாரத்தைச் சுத்தம் செய்தால் எல்லாம் முடிந்துவிடாது என்பதும் உண்மை. உலகம் கடைசியில் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். சிமெண்டில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறுகிறது, எந்த அடுப்பில் சுட்டாலும் அது வரும். அங்கே வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைப்பதைத் தவிர இப்போதைக்குப் பெரிய வழி இல்லை. நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலையில் 2025-இல் அப்படி ஒரு நிலையத்தைத் தொடங்கியிருக்கிறார்கள், ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் பிடிப்பதற்காக. இரும்பில் கோக் கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் முறையை ஸ்வீடனின் லூலியோவில் சோதித்து, 2021-இல் முதல் எஃகை வெளியே கொடுத்தார்கள்.

ஆனால் ஹைட்ரஜனை எல்லாவற்றுக்கும் மருந்தாகப் பேசுவதை ஏற்க முடியவில்லை. நீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும், அதில் எரிக்கக் கிடைப்பது 33 யூனிட். அதை மறுபடி மின்சாரமாக்கினால் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். வேறு வழியே இல்லாத உரம், எஃகு போன்ற இடங்களுக்கு அதை வைத்துக்கொள்வோம். நிலக்கரி நிலையத்திலேயே வாயுவைப் பிடித்துவிடலாம் என்பதும் அப்படித்தான். பிடிக்கும் கருவிக்கே நீராவியும் மின்சாரமும் ஏராளமாகத் தேவை, நிலையத்தின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடலாம். கனடாவின் பவுண்டரி டாம் நிலையம் 2014-இல் தொடங்கியது, நினைத்த 90 சதவீதத்தை ஆண்டுக் கணக்கில் எட்ட முடியாமல் திணறியது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் சுரங்கம் தோண்ட வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். அங்கே வேலை செய்பவர்களின் பாதுகாப்பும் கூலியும் முக்கியம், பழைய பேனலை யார் திரும்ப எடுப்பது என்பதும் இப்போதே சட்டமாக வேண்டும். ஆனால் உலகம் ஓர் ஆண்டில் 800 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி தோண்டுகிறது. தோண்டியது எரிந்துபோகிறது, மறு ஆண்டு மறுபடி தோண்ட வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் உலோகம் எங்கும் போவதில்லை.

கடைசியாக, என்னோடு வேலை செய்தவர்களைப் பற்றி. நிலக்கரி நிலையத்தை மூடு என்று எழுதுவது சுலபம். கரி மில்லிலும் சாம்பல் குழாயிலும் உடம்பைத் தேய்த்தவர்கள் எங்கே போவார்கள் என்று எழுத வேண்டாமா? ஒரு நிலையத்தில் விலைமதிப்புள்ளது பாய்லர் மட்டும் இல்லை. அதன் சுவிட்ச்யார்டு, அங்கே வந்து சேரும் லைன்கள், பழுது வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே கருவிகளைப் பார்க்கத் தெரிந்த ஆட்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் பழுது என்றால் பதறாமல் வேலை செய்யும் கைகள், எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் நிலக்கரி நிலையத்தை 2017-இல் மூடினார்கள். 2023-இல் அதே இடத்தில், அதே கிரிட் இணைப்பைப் பயன்படுத்தி, 150 மெகாவாட் பேட்டரி நிலையம் வந்தது. ஜெர்மனியின் பிப்லிஸில் மூடிய அணு மின் நிலையத்தின் ஜெனரேட்டரையே 2012-இல் சிங்க்ரனஸ் கண்டென்சராக மாற்றினார்கள். லைனுக்காகப் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை, லைன் அங்கே ஏற்கெனவே வந்து நிற்கிறது. ஆனால் மூடிவிட்டு ஆட்களைக் கலைத்த பிறகு யோசித்தால் பயனில்லை. மூடும் தேதியை அறிவிக்கும் அன்றே, அந்த இடத்தில் அடுத்து என்ன வரும், இருப்பவர்களில் யாருக்கு எந்தப் பயிற்சி என்பதும் அறிவிக்கப்பட வேண்டும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. புதிய சூரிய மின் நிலையம், காற்றாலைப் பண்ணை பற்றிய செய்திகளில் எத்தனை மெகாவாட் என்பது மட்டும் தலைப்பில் வருகிறது. கூடவே சில விவரங்களையும் கேட்டு வெளியிடுங்கள். எத்தனை மணி நேரச் சேமிப்பு அதோடு சேர்ந்து வருகிறது? எந்த லைனில் இணைகிறது, அந்த லைன் எப்போது தயாராகும்? மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொடுக்கும் பொறுப்பு அந்த நிலையத்துக்கு இருக்கிறதா? சென்ற ஆண்டு உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி எத்தனை யூனிட் வீணானது? உங்கள் நிருபர்கள் இதைத் தொடர்ந்து கேட்டால், அதிகாரிகள் பதிலோடு வரத் தொடங்குவார்கள். இரவுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்ட வாசகருக்கும் அந்தச் செய்தியிலேயே விடை இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அனல்மின் நிலைய ஷிப்ட் பொறியாளர் ஒருவர்